லைட்டை அணைச்சுக் குடுங்க!

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "சார், என் வண்டியில ராத்திரி ஆனா டேஷ்போர்டுல ஒரு சிவப்பு லைட் மங்கலா எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. கண்ணை உறுத்துதேன்னு அது மேல பேரனோட ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டிட்டேன்."

"என்ன படம் போட்ட லைட்?" என்று கேட்டேன்.

"பேட்டரி படம்."

நான் நடையை நிறுத்திவிட்டு அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரையும் உட்கார வைத்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுதுங்க சார், நம்ம வயசுக்காரங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒரு பழைய வண்டி இருக்கு" என்றார். எழுதுகிறேன். கொஞ்சம் என்னையே திட்டிக்கொள்வதாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி 1999-இல் வாங்கியது. சின்னக் கார், பெட்ரோல். நான் தொலைபேசித் துறையில் இருந்தபோது கடன் போட்டு வாங்கினேன். அடுத்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி எங்கள் துறையே பி.எஸ்.என்.எல். ஆகிவிட்டது. நான் ஓய்வு பெற்றேன், வண்டி பெறவில்லை. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டிப் புதுப்பிக்கிறேன். பெங்களூரில் இருக்கும் பையன் ஒவ்வொரு முறை வரும்போதும் "அப்பா, இதைக் குடுத்துடுங்க" என்பான். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை என்ன தெரியுமா? பேட்டரியும் பவர் பிளாண்ட்டும்தான். தொலைபேசி நிலையம் ஓடுவது 48 வோல்ட்டில். இரண்டு வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாக வைத்திருப்போம். ஆள் உயர ரேக்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் அலாரம் லைட், கூடவே மணி. ஒரு நாள் இரவு ஷிப்டில் புதிதாக வந்த பையன் ஒருவன் மணிச் சத்தம் தாங்காமல் சுவிட்சைப் போட்டு நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான். காலையில் வந்த சூப்பர்வைசர் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. "மணியை நிறுத்தினே, சரி. எதுக்கு அடிச்சுதுன்னு லாக் புக்குல எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை முப்பது வருடம் நான் என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். என் சொந்தக் காரில் அதைக் கேட்டுக்கொள்ள மறந்துபோனேன். 48 வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவன் 12 வோல்ட்டில் கோட்டை விட்ட கதை இது.

ஆரம்பத்தில் என் வண்டியிலும் அதே மங்கல் லைட்தான். பகலில் தெரியாது. இரவில் ஹெட்லைட் போட்டு, ஃபேனையும் போட்டால் பேட்டரி படம் மின்மினிப் பூச்சி மாதிரி லேசாகச் சிவக்கும். ஹெட்லைட்டை அணைத்தால் அதுவும் மறைந்துவிடும். சில நாள் காலையில் செல்ஃப் எடுக்கும்போது கொஞ்சம் முனகும்.

பேட்டரி படம் எரிகிறது, ஆகவே பேட்டரிதான் போச்சு என்று முடிவு கட்டினேன். அளந்து பார்க்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சத்துக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் செல்ஃப் ஜோராக எடுத்தது. மூன்றாம் நாள் இரவு மின்மினி திரும்பவும் வந்தது.

அடுத்து ஒரு ஒர்க் ஷாப். "டைனமோ வீக் சார்" என்றார்கள். நம் ஊரில் ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டினார்கள். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது லைட் இன்னும் லேசாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். "பணம் குடுத்தாச்சு, எப்படியாவது இந்த லைட்டை அணைச்சுக் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது லைட் அணைந்திருந்தது. சந்தோஷமாக ஐம்பது ரூபாய் டிப்ஸ் வேறு கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. நானும் என் மனைவியும் போய்விட்டு மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஆறரைக்கு ஹெட்லைட் போட்டேன். தஞ்சாவூர் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. வல்லம் தாண்டியதும் வெளிச்சம் குறைகிற மாதிரி இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நினைத்தேன். ஹாரன் அடித்தால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் சத்தம் வந்தது. இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் சத்தம் இல்லை. செங்கிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இரண்டு முறை உதறிவிட்டு நின்றே போனது. எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கும்தான்.

நாலு வழிச் சாலை, இருட்டு. பின்னால் லாரிகளும் பஸ்களும் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். ஓரமாக ஒதுக்கினேன், ஆனாலும் பாதி சக்கரம் தார் மேல்தான். மனைவியை முதலில் இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். அவளுக்கு முழங்கால் வலி, தடுப்பைத் தாண்ட முடியவில்லை. அப்போது ஒரு லாரி, எங்களிடமிருந்து ஓர் ஆள் அகலம் தள்ளி, நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தக் காற்றில் அவள் புடவைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பின்னால் வந்த இன்னொரு லாரி டிரைவர்தான் புண்ணியவான். கொஞ்சம் தள்ளி நிறுத்தி, கிளீனரோடு இறங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாலையோரம் இருந்த மரத்தில் நாலைந்து கிளைகளை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் முப்பது நாற்பது அடி தூரத்தில் வரிசையாகப் போட்டார். "அம்மாவைக் கீழ உக்கார வைங்க பெரியவரே, வண்டிக்குள்ள உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை திருச்சியிலிருந்து வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு சேர்த்தபோது மணி பதினொன்று.

மறுநாள் பாலக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. பாய்க்கு என் வயதிருக்கும். கையில் ஒரு சின்ன மல்டிமீட்டர், இரண்டு ஒயர் வைத்த டெஸ்ட் பல்பு, ஒரு துண்டு உப்புத்தாள். வேறு ஒரு வண்டியின் பேட்டரியை வைத்து இணைத்தார். பிறகு எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாவியை மட்டும் போட்டுவிட்டு டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், சாவி போட்டா எத்தனை லைட் எரியணும்?"

நான் முழித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

"ஆயில் லைட் எரியுது. ஹேண்ட் பிரேக் லைட் எரியுது. பேட்டரி லைட் எங்க சார்?"

மீட்டரைக் கழற்றினார். பின்பக்கம் பேட்டரி லைட் இருக்க வேண்டிய இடத்தில் ஹோல்டர் இருந்தது, பல்பு இல்லை. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான் டீ குடிக்கப் போனபோது பிடுங்கியதுதான். நான் கேட்டது அதைத்தானே? லைட்டை அணைத்துக் கொடுங்கள் என்றேன், அணைத்துக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. பேட்டரி லைட் வெறும் அலங்காரம் இல்லை. நம்முடையது போன்ற பல பழைய கார்களில், அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற காந்தம் நிரந்தரக் காந்தம் இல்லை, மின்காந்தம். அதை எழுப்பக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து பல்பு வழியாக அந்தக் கரண்ட் போகும், அதனால் பல்பு எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்து ஆல்டர்னேட்டர் எழுந்துகொண்டால் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்துவிடும். வித்தியாசம் இல்லையென்றால் கரண்ட் ஓடாது, பல்பு அணைந்துவிடும். பல்பையே பிடுங்கிவிட்டால் ஆல்டர்னேட்டரை எழுப்ப ஆள் இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் காந்த சக்தியால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சில நாள் தானாக எழுந்துகொள்ளும். சில நாள் எழாது. மூன்று வாரம் அது எழுந்ததும் எழாததுமாகக் காலம் தள்ளியிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்த அன்றைக்கு எழவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பேட்டரி 35 ஆம்பியர் அவர். சரியாக சார்ஜ் ஏறாமல் பாதிதான் இருந்தது என்று வைத்துக்கொண்டால் 17. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட், அதற்கு மட்டுமே 9 ஆம்பியர். பின் விளக்கு, மீட்டர் விளக்கு, ஃபேன், எஞ்சினுக்கு வேண்டிய கரண்ட் எல்லாம் சேர்த்தால் 15 ஆம்பியர் பக்கம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ஆறரைக்கு ஹெட்லைட் போட்டேன், எட்டு மணிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. கணக்கு சரியாகத்தான் வருகிறது, போட வேண்டிய நேரத்தில் போடவில்லை, அவ்வளவுதான்.

பாய் புது பல்பு போட்டார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டார். பழைய மின்மினி திரும்பி வந்தது! "இப்பத்தான் உண்மையான வேலை சார்" என்று சிரித்தார். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடிமனான ஒயர் வந்து சேரும் போல்ட்டில் வைத்தார், மறு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில். ஒரே ஒயரின் இரண்டு பக்கம் அது. நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 1.6 காட்டியது.

அந்த ஒயரின் முனையில் இருந்த வளையம் பச்சை பூத்து, உள்ளே கருகிப்போயிருந்தது. 20 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது 1.6 வோல்ட் அங்கேயே வீணானால் 32 வாட். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்குச் சமமான சூடு. ஆல்டர்னேட்டர் பக்கம் வோல்டேஜ் அதிகம், பேட்டரி பக்கம் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் பல்பு மங்கலாக எரிந்திருக்கிறது. பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏறாததற்கும் அதுவேதான் காரணம். என் பழைய பேட்டரியும் நல்லது, பழைய ஆல்டர்னேட்டரும் நல்லது. கெட்டது ஒரு வளையம். ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டரை மாட்டியவர்கள் அதே கருகிய வளையத்தை அதே போல்ட்டில் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள்.

பாய் ஒயரின் முனையை நறுக்கி, செம்பு பளபளக்கும் வரை சுரண்டி, புது வளையம் அழுத்திப் போட்டார். பேட்டரி முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவினார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்து முடுக்கினார். இருபது நிமிஷம் வேலை, ஒரு மணி நேரம் தேடல். "ஐந்நூறு குடுங்க சார்" என்றார்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் பொருளுக்குப் பணம் கொடுப்போம், தேடலுக்குக் கொடுக்க மாட்டோம். புது பேட்டரிக்கு நாலாயிரம் என்றால் பேசாமல் எடுத்து நீட்டுவோம், கையில் ஒரு சாமான் வருகிறதே! ஒரு மணி நேரம் குனிந்து நின்று அளந்து பார்த்து, "ஒண்ணும் மாத்த வேணாம் சார், ஒரு கனெக்ஷன்தான் லூஸ்" என்று சொன்னவர் முந்நூறு கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா முந்நூறு?" என்போம். நானே அப்படிக் கேட்டவன்தான். பிறகு கடைக்காரர் எதற்காகத் தேடுவார்? மாற்றினால் லாபம், தேடினால் பேச்சு. சாமான் மாற்றுகிற மெக்கானிக்குகளை உருவாக்கியது நாம்தான் என்பது என் எண்ணம். அந்த ஒர்க் ஷாப்பில் பல்பைப் பிடுங்கியது பெரிய தவறு, அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்கு ஆர்டர் கொடுத்தது நான். "லைட்டை அணைச்சுக் குடுங்க" என்று சொல்லாமல் "லைட் ஏன் எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க, பார்க்கிறதுக்கு என்ன ஆகுமோ அதைத் தர்றேன்" என்று சொல்லியிருந்தால் என் மனைவி அந்தச் சாலையோரம் நின்றிருக்க வேண்டாம்.

டேஷ்போர்டு விளக்கு சாட்சி சொல்கிற ஆள். சாட்சியின் வாயைக் கட்டினால் குற்றவாளிக்குத்தான் கொண்டாட்டம்.

"எனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதே" என்பவர்களுக்கு: தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நாளைக் காலையே செய்து பாருங்கள். முதலில் சாவியை மட்டும் போடுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி படம், எண்ணெய்க் கூஜா படம், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் பிரேக் படம், மூன்றும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் முதல் இரண்டும் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் மூன்றாவது. எரிந்து அணையாமல் இருந்தாலும் கோளாறு, முதலிலேயே எரியாமல் இருந்தாலும் கோளாறு. இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

எண்ணெய்க் கூஜா ஓடும்போது எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அது எண்ணெயின் அளவைச் சொல்லவில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லாமல் சில நிமிஷம் ஓடினால் எஞ்சினே போய்விடும். ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் சரியாக இருந்தும் லைட் எரிகிறது என்றால் அந்த சுவிட்ச் மட்டும்கூடக் கெட்டிருக்கலாம். அதை மெக்கானிக் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். நாம் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பிரேக் லைட் எரிந்தால் பலர் பிரேக் ஆயிலை ஊற்றி லைட்டை அணைத்துவிடுவார்கள். இதுவும் ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரிதான். ஆயில் குறைந்தது எதனால்? பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ ஒழுகலாம். காரணம் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பேட்டரி லைட் பிரகாசமாகவே எரிந்தால் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். சில வண்டிகளில் ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பும் நிற்கும். அப்படியென்றால் உடனே நிறுத்த வேண்டியதுதான். பெல்ட் இருக்கிறது, சூடு ஏறவில்லை என்றால், பகலாக இருந்தால், ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகில் உள்ள கடைக்குப் போய்விடலாம். இரவாக இருந்தால் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். மங்கலாக எரிந்தாலும் அசட்டை வேண்டாம் என்பதற்கு நானே உதாரணம்.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை, மேலே என்றால் அதிகம் ஏறி பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இந்த மூன்று நாலு எண்களை ஒரு சீட்டில் எழுதி வண்டியில் வைத்திருங்கள். நமக்குத்தான் சுகர், பிரஷர் எண்கள் எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே, இது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

பழைய வண்டியில் விசித்திரமான கோளாறுகள் வரும். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும். பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், மந்திரிக்க வேண்டியதில்லை. பத்தில் எட்டு முறை எர்த்தான் காரணம் என்பார் பாய். காரில் பாடியே திரும்பிப் போகிற ஒயர். போல்ட் துருப்பிடித்தால், கரண்ட் தன் வழியை விட்டு அடுத்த விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கும். கழற்றிச் சுரண்டி முடுக்கினால் பாதிப் பேய் ஓடிவிடும். மழைக்காலத்தில் சூட்டுக்கு வந்து படுக்கும் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

செய்யக் கூடாததும் மூன்று உண்டு. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் அட்டைக்குள் இருக்கும் ஈயத் தாளைச் சுற்றிப் போட்டால் அடுத்த முறை உருகுவது ஃபியூஸ் இல்லை, ஒயர். அடுத்து, வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 வாட் போடுவது. ரிலே இல்லாத பழைய வண்டியில் 10 ஆம்பியருக்கான சுவிட்ச் வழியாக 16, 17 ஆம்பியர் போனால் சுவிட்ச் உருகிவிடும். மூன்றாவது, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து, "நிக்கலை, டைனமோ நல்லாருக்கு" என்பது. டைனமோ காலத்துப் பழக்கம் இது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் துள்ளி உள்ளே இருக்கும் டயோடு போய்விடும். யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

பையன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒயரிங் முழுக்கக் காய்ந்து, தொட்டால் உதிர்கிற வண்டியையும், பாடி துருப்பிடித்து எர்த் பிடிக்க இடமே இல்லாத வண்டியையும் கட்டி அழ வேண்டாம். விடை கொடுத்துவிடலாம். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன்: இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை. வண்டிக்கு வயதானதை விட எனக்கு வயதாகிவிட்டது. இதைப் பையனிடம் சொன்னபோது அவன் வண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆனால், ஒரு லைட் எரிகிறது என்பதற்காக நன்றாக ஓடுகிற வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்ன கோளாறு என்று தெரிந்துகொண்ட பிறகு விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் செய்தால் அதுவும் ஸ்டிக்கர்தான்.

பாய் இப்போதும் வருவார், வருடத்துக்கு ஒரு முறை. எல்லா கனெக்ஷனையும் ஒரு சுற்று பார்ப்பார். போன முறை ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணும் இல்லை சார், குடுக்கறதைக் குடுங்க" என்றார். ஐந்நூறு கொடுத்தேன். "ஒண்ணுமே செய்யலையே" என்று தயங்கினார். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் பாய்" என்றேன்.

நடை நண்பர் அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டாராம். பாயின் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கோ கடைக்கோ கிளம்பும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, நான் சாவியைப் போட்டதும் கேட்பாள்.

"எரிஞ்சுதாங்க?"

"எரிஞ்சுது."

எஞ்சினை ஸ்டார்ட் செய்வேன்.

"அணைஞ்சுதாங்க?"

"அணைஞ்சுது."

"அப்ப போலாம்."